கவருக்குள் மூன்று சீட்டு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறியது. அப்போது நான் வெளியூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தேன். பஸ் மாறி பஸ் ஏறி, கடைசி சில கிலோமீட்டர் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு, கோடியக்கரைக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு மறுபடி மின்சாரம் வர ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால் அங்கே போய் காசு கொடுத்து மொபைலுக்குச் சார்ஜ் ஏற்றுவோம். அதையும் உறவினர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஆஃப் செய்து வைத்துவிடுவோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கே ஊர் இருண்டுவிடும். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுபவர். பாத்தியெல்லாம் சேறாகிக் கிடந்ததில் அவருக்கும் எழுத ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் ஒரு நாள் தங்கைதான் பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினாள். சின்ன வயதில் சென்னை மாமா வாங்கித் தந்த க்ளூடோ. ஒரு மூலை நனைந்து உப்பியிருந்தது. உள்ளே குத்துவாளைக் காணவில்லை, அதற்குப் பதிலாக ஒரு ஆணியை வைத்துக்கொண்டோம். சீட்டில் இருந்த ஆங்கிலம் அம்மாவுக்கு வராது என்பதால் அப்பா ஒவ்வொன்றின் ஓரத்திலும் பால்பாயின்ட் பேனாவால் தமிழில் எழுதினார்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் போர்டு விளையாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அரிக்கேன் விளக்கில் தொடங்கிய அந்த விளையாட்டுக்காக நான் பிறகு ஒரு எக்ஸெல் ஷீட்டும், அப்புறம் ஒரு புரோகிராமும் எழுதினேன். அந்தப் புரோகிராமில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விளையாட்டைப் பார்ப்போம்.

விளக்கை அணைத்த காலத்தில் பிறந்தது

க்ளூடோவை உருவாக்கியவர் ஆன்டனி பிராட். இங்கிலாந்தில் பர்மிங்காம் பகுதியைச் சேர்ந்தவர், 1903-ல் பிறந்தவர். ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் பியானோ வாசித்துப் பிழைத்தவர். அந்தக் காலத்துப் பெரிய வீட்டு விருந்துகளில் 'கொலைகாரன் யார்' என்று ஒளிந்து, பயமுறுத்தி, துப்பறிந்து விளையாடுவது வழக்கம். இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் ஊரே விளக்கை மறைத்துக்கொண்டது. விருந்துகள் நின்றன. பீரங்கி வண்டிக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிராட், அந்த விருந்து விளையாட்டை மேஜை மேல் ஆட முடியுமா என்று யோசித்தார். போர்டின் படத்தை வரைந்தவர் அவருடைய மனைவி எல்வா.

1944 டிசம்பர் 1-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது அவர் வைத்த பெயர் 'மர்டர்'. 1947-ல் காப்புரிமை கிடைத்தது. லீட்ஸ் நகரத்து வாடிங்டன்ஸ் கம்பெனி விளையாட்டை வாங்கிக்கொண்டாலும், போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் 1949-ல்தான் பெட்டி கடைக்கு வந்தது. அதே வருடம் அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 'க்ளூ' என்ற பெயரில் வெளியிட்டது.

பெயர் ஏன் மாறியது என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 'க்ளூ' என்றால் துப்பு. 'லூடோ' என்றால் லத்தீனில் 'நான் விளையாடுகிறேன்'. இரண்டையும் ஒட்டியதுதான் க்ளூடோ. இங்கிலாந்தில் லூடோ எல்லா வீட்டிலும் இருந்த விளையாட்டு. நம் நாட்டுப் பச்சீசியை எளிமையாக்கி 1896-ல் அங்கே காப்புரிமை பெற்றது. நம்மூர் தாயத்துக்கும் பங்காளி முறைதான். அமெரிக்காவிலோ பச்சீசி வேறு பெயரில் விற்றதால், லூடோ என்றால் அங்கே பலருக்குத் தெரியாது. சிலேடை புரியாத ஊரில் அதை வைத்து என்ன செய்வது? வாலை வெட்டிவிட்டார்கள்.

பிராட்டுக்கு இதில் பெரிய பணம் கிடைக்கவில்லை. 1953-ல் வெளிநாட்டு உரிமையை 5,000 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். 1996-ல் விற்பனைச் சாதனையைக் கொண்டாட நினைத்த கம்பெனி அவரைத் தேடி அறிவிப்புக் கொடுத்தபோதுதான், அவர் 1994-லேயே இறந்துவிட்டார் என்று தெரிந்தது. உலகமே துப்பறியக் கற்றுக்கொண்ட விளையாட்டைச் செய்தவரைத் துப்பறிந்து தேட வேண்டியிருந்தது.

நம் ஊரில் துப்பறியும் போர்டு விளையாட்டு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃபன்ஸ்கூல் வெளியிட்ட ஸ்காட்லாந்து யார்ட். அது 1983-ல் ஜெர்மனியில் வந்தது. மிஸ்டர் எக்ஸை லண்டன் முழுக்கத் துரத்தும் ஆட்டம், நல்ல விளையாட்டுதான். ஆனால் அது துரத்தல். உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் க்ளூடோதான்.

எப்படி விளையாடுவது?

டாக்டர் பிளாக் என்பவர் தன் மாளிகையில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். யார் கொன்றது, எந்த ஆயுதத்தால், எந்த அறையில்? இந்த மூன்றையும் முதலில் சரியாகச் சொல்பவருக்கு வெற்றி.

சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர்: மிஸ் ஸ்கார்லெட், கர்னல் மஸ்டர்ட், மிஸஸ் ஒயிட், ரெவரெண்ட் கிரீன், மிஸஸ் பீகாக், புரபசர் பிளம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் காய். ஆயுதங்கள் ஆறு: மெழுகுவர்த்தித் தண்டு, குத்துவாள், ஈயக் குழாய், ரிவால்வர், கயிறு, ஸ்பேனர். அறைகள் ஒன்பது: ஹால், லவுஞ்ச், சாப்பாட்டு அறை, சமையலறை, பால்ரூம், கன்சர்வேட்டரி என்ற செடி வளர்க்கும் கண்ணாடி அறை, பில்லியர்ட்ஸ் அறை, நூலகம், படிப்பறை. 2016-ல் வந்த பதிப்பில் மிஸஸ் ஒயிட்டை எடுத்துவிட்டு டாக்டர் ஆர்க்கிட் என்ற பெண் விஞ்ஞானியைச் சேர்த்தார்கள். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆட்டம் அதேதான்.

ஆக மொத்தம் 21 சீட்டுகள். மூன்று வகையையும் தனித்தனியே கலைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் எடுத்துக் கவருக்குள் போட்டுப் போர்டின் நடுவில் வைக்க வேண்டும். அதுதான் விடை. மிச்சம் 18 சீட்டையும் ஒன்றாகக் கலைத்து எல்லாருக்கும் பிரித்துவிட வேண்டும். நான்கு பேர் என்றால் இரண்டு பேருக்கு ஐந்தும் இரண்டு பேருக்கு நான்கும் வரும்.

உங்கள் முறை வந்தால் பகடை உருட்டிக் காயை நகர்த்தி ஏதாவது ஒரு அறைக்குள் நுழைகிறீர்கள். மூலை அறைகளுக்கு இடையே குறுக்காக இரண்டு ரகசியச் சுரங்க வழிகள் உண்டு. படிப்பறையிலிருந்து சமையலறைக்கு ஒன்று; லவுஞ்சிலிருந்து கன்சர்வேட்டரிக்கு ஒன்று. அறைக்குள் நுழைந்ததும் ஒரு ஊகத்தைச் சொல்லலாம்: "புரபசர் பிளம், ஸ்பேனரால், ஹாலில்." இதில் ஒரு கட்டாயம் உண்டு. எந்த அறையில் நிற்கிறீர்களோ அந்த அறையைத்தான் சொல்ல வேண்டும். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னை இதுதான் கவிழ்த்தது.

ஊகம் சொன்னதும் உங்கள் இடப்பக்கம் இருப்பவர் தன் சீட்டுகளைப் பார்க்கிறார். மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அதை உங்களுக்கு மட்டும் தெரியும்படி காட்ட வேண்டும். இரண்டு மூன்று இருந்தாலும் ஒன்றைக் காட்டினால் போதும், எதை என்பது அவர் விருப்பம். ஒன்றுகூட இல்லை என்றால் "இல்லை" என்று சொல்லிவிடுவார். கேள்வி அடுத்தவருக்குப் போகும். யாராவது ஒருவர் காட்டியதும் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

விடை தெரிந்துவிட்டது என்று தோன்றினால் உங்கள் முறையில் குற்றச்சாட்டு வைக்கலாம். மூன்றையும் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் கவரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சரி என்றால் வெற்றி. தவறு என்றால் சீட்டுகளைத் திரும்பக் கவரில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மற்றவர்கள் கேட்டால் சீட்டுக் காட்டும் கடமை மட்டும் மிச்சமிருக்கும். ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

"இல்லை" என்ற பதிலை எழுதுங்கள்

பெட்டியோடு சின்னதாக ஒரு குறிப்புத் தாள் தருவார்கள். பெரும்பாலோர் அதில் தாங்கள் கண்ணால் பார்த்த சீட்டை மட்டும் அடித்துக்கொண்டு வருவார்கள். நானும் புயல் மாதத்தில் அப்படித்தான் ஆடினேன். பத்து ஆட்டத்தில் ஆறு ஏழை அப்பாதான் ஜெயித்தார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பழைய கணக்கு நோட்டில் அவர் என்னவோ எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். தன்னுடைய கேள்விகளைவிட மற்றவர்களுடைய கேள்விகளைத்தான் அதிகம் எழுதியிருந்தார். யார் கேட்டது, என்ன மூன்று, யார் யார் இல்லை என்றது, யார் காட்டியது.

அவர் கணக்கு சரி. ஒருவர் உங்களுக்கு ஒரு சீட்டைக் காட்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு தகவல். ஆனால் ஒருவர் "இல்லை" என்றால் மூன்று தகவல்: அந்த மூன்று சீட்டுமே அவரிடம் இல்லை. அது யாருடைய கேள்விக்கான பதிலாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் கேட்கும்படி இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலோர் அந்த நேரத்தில் தேங்காய் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது வகை கொஞ்சம் நுட்பமானது. தங்கை கேட்கிறாள், அப்பா அவளுக்கு ஒரு சீட்டைக் காட்டுகிறார். எதைக் காட்டினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றில் ஒன்றாவது அப்பாவிடம் இருக்கிறது என்பது நிச்சயம். இந்த 'அல்லது' தகவலை உடனே பயன்படுத்த முடியாது. தூக்கியும் எறியக் கூடாது. பிற்பாடு அந்த மூன்றில் இரண்டு அவரிடம் இல்லை என்று தெரிந்தால், மூன்றாவது தானாக முகம் காட்டும்.

எக்ஸெல்லில் செய்து பார்க்கலாம்

ஊருக்கு மின்சாரம் வந்து, நானும் வேலையில் சேர்ந்த பிறகு, இதை ஒரு ஒர்க்‌ஷீட்டாக்கினேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்துச் செய்திடலாம்.

ஏ நிரலில் 21 சீட்டின் பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக டைப் செய்திடவும். பி முதல் ஈ வரை நான்கு ஆட்டக்காரர்கள். எஃப் நிரல் கவருக்கு. கவரையும் ஒரு ஆட்டக்காரராக, மூன்று சீட்டு வைத்திருக்கும் ஊமை ஆட்டக்காரராக நினைத்துக்கொண்டால் வேலை சுலபம். ஒரு சீட்டு ஒருவரிடம் இருக்கிறது என்றால் அந்தச் செல்லில் 1, இல்லை என்றால் 0. தெரியாவிட்டால் காலியாக விட்டுவிடுங்கள். டிக், இன்டு குறி போடாமல் எண் போடச் சொல்வது எதற்காக என்றால், எண்ணைக் கூட்ட முடியும்.

ஜி நிரலில் ஒவ்வொரு வரிசைக்கும் பி முதல் எஃப் வரை கூட்டும் சம் பார்முலாவைப் போடவும். விடை 1-ஐத் தாண்டினால் எங்கோ தப்பாக எழுதிவிட்டீர்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மூலம் அந்தச் செல்லைச் சிவப்பாக்கிவிடலாம். ஹெச் நிரலில் கவுண்ட்இஃப் பார்முலா கொண்டு 0 எத்தனை என்று எண்ணச் செய்யுங்கள். ஒரு வரிசையில் நான்கு 0 விழுந்துவிட்டால் மிச்சம் இருக்கும் ஐந்தாவது செல் 1 ஆகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருடைய நிரலுக்கும் கீழே கூட்டல் போட்டு, அவர் கையில் உள்ள சீட்டு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஐந்து சீட்டுக்காரருக்கு ஐந்து 1 விழுந்துவிட்டால் அந்த நிரலில் மற்றதெல்லாம் 0.

இரண்டாவது ஷீட்டில் கேள்விப் பட்டியல்: கேட்டவர், மூன்று சீட்டு, இல்லை என்றவர்கள், காட்டியவர். இது அப்பாவின் கணக்கு நோட்டு. 'அல்லது' தகவல்கள் இங்கேதான் காத்திருக்கும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பாருங்கள். அதைச் செய்யாவிட்டால் ஷீட் போட்டதே வீண்.

ஒரு கோடியே 26 லட்சம்

கவருக்குள் இருக்கக்கூடிய விடைகள் ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ஒன்பது, அதாவது 324. உங்கள் கைக்கு வந்த சீட்டைப் பார்த்ததுமே இது குறையும். உதாரணமாக, நான் சொல்லப்போகும் ஆட்டத்தில் என்னிடம் வந்தவை ஐந்து: பீகாக், மஸ்டர்ட், கயிறு, நூலகம், சமையலறை. அப்படியென்றால் மிச்சம் நான்கு பேர், ஐந்து ஆயுதம், ஏழு அறை, 140 விடைகள்.

ஆனால் கவரை மட்டும் பார்த்தால் போதாது, மற்ற சீட்டு யார் கையில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீதி 13 சீட்டு மற்ற மூவரிடம் ஐந்து, நான்கு, நான்காகப் பிரியும் வழிகள் 90,090. இதை 140 ஆல் பெருக்கினால் 1,26,12,600. மனிதனுக்கு இது மலை; வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது ஒரு வாய் அவல். ஆகவே என் புரோகிராமின் திட்டம் எளிமையானது. ஒரு கோடியே 26 லட்சம் நிலைமைகளையும் ஒவ்வொன்றாக உருவாக்கு. ஒவ்வொரு பதில் வரும்போதும் அதற்கு ஒத்துவராதவற்றை அழி. மிச்சம் இருப்பதில் எந்தக் கவர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் கல்லூரியின் டாட் நெல்லர், க்ளூ விளையாட்டை வைத்தே மாணவர்களுக்குத் தர்க்க முறையில் விடை தேடும் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் பாடத்தை மற்றவர்களுடன் சேர்ந்து தயாரித்திருக்கிறார். நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டிட்மார்ஷ் 2000-ல் எழுதிய முனைவர் பட்ட ஆய்விலும் க்ளூடோ முக்கிய உதாரணம். ஒருவருக்கு என்ன தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அடுத்தவருக்குத் தெரியுமா என்பதைக் கணிதமாக எழுதும் துறை அது. நான் இரண்டையும் வாசித்துவிட்டுத் தலைக்கனத்தோடு 2023 பொங்கலுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

பொங்கல் அன்று நடந்தது

உட்கார்ந்த வரிசை: நான், எனக்கு இடப்பக்கம் அப்பா, அடுத்து அம்மா, அடுத்து தங்கை. லேப்டாப் வைத்துக்கொள்ள எனக்கு மட்டும் அனுமதி, சோதனை ஓட்டம் என்பதால். அப்பா தன் நோட்டோடு. அம்மாவிடம் குறிப்புத் தாளும் பென்சிலும் இருந்தன, ஆனால் எப்போதாவதுதான் எழுதுவார். சின்ன வயதிலிருந்தே அம்மா எங்களுக்காகக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஆடுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தங்கை ஹாலுக்குப் போய்க் கேட்டாள்: பிளம், ஸ்பேனர், ஹால். என்னிடம் இல்லை. அப்பா ஒன்றைக் காட்டினார். 'அல்லது' தகவல், புரோகிராமில் ஏற்றினேன். என் முறையில் நானும் ஹாலுக்குப் போய்க் கேட்டேன். அப்பா இல்லை என்றார், அம்மா ஹால் சீட்டைக் காட்டினார். ஆக அப்பா தங்கைக்குக் காட்டியது பிளம் அல்லது ஸ்பேனர்.

கொஞ்சம் சுற்று கழித்து அம்மா படிப்பறைக்குள் நுழைந்து கேட்டார்: பிளம், ரிவால்வர், படிப்பறை. தங்கை இல்லை என்றாள். என்னிடம் இல்லை. அப்பாவும் இல்லை.

புரோகிராம் துள்ளியது. அப்பாவிடம் பிளம் இல்லை என்பதால் அவர் தங்கைக்குக் காட்டியது ஸ்பேனர், இது சரி. அடுத்த வரியில், யாருமே காட்டாததால் மூன்றும் கவருக்குள்தான் என்று காட்டியது. எனக்குப் படபடப்பு. அம்மா அடுத்து குற்றச்சாட்டு வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. பகடையைத் தங்கையிடம் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். அம்மாவுக்குப் பிடிபடவில்லை என்று முடிவு செய்தேன். என் முறை வந்ததும் பிளம், ரிவால்வர், படிப்பறை என்று குற்றம் சாட்டிக் கவரைப் பிரித்தேன்.

பிளம் இருந்தது. ரிவால்வர் இருந்தது. மூன்றாவது படிப்பறை இல்லை.

நாங்கள் ஆடும் முறையில் தோற்றவர் ஒன்றும் சொல்லக் கூடாது. கவரைத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு அம்மா பால்ரூமுக்குள் போனார், கேட்டார், யாரும் காட்டவில்லை, உடனே குற்றம் சாட்டிக் கவரை எடுத்தார். ஜெயித்துவிட்டார்.

"படிப்பறைச் சீட்டு எங்கிட்டதானேடா தம்பி இருந்துச்சு" என்றார் அப்புறம். "நின்ன ரூமைத்தானே கேக்கணும்? நாலு பேருக்கும் இல்லேன்னு நீ எப்படி எழுதிக்கிட்டே? கேட்ட ஆளு கையைப் பாக்க வேணாமா?"

அன்று ராத்திரி கோடைத் திறந்து பார்த்தேன். ஒரு கோடி நிலைமைகளை ஒவ்வொன்றாக அழிக்க நேரம் எடுக்கிறதே என்று, வேகத்துக்காக நானே ஒரு குறுக்குவழி போட்டிருந்தேன்: யாரும் காட்டவில்லை என்றால் மூன்றையும் கவருக்குள் போடு. கேட்டவர் நானாக இருந்து, மூன்றும் என் கையில் இல்லாதபோது மட்டும்தான் அது சரி. வேறொருவர் கேட்டால், அவர் கையிலேயே ஒன்றோ இரண்டோ மூன்றுமோ இருக்கலாம். அந்த வரியை அழித்ததும் புரோகிராம் சரியாகிவிட்டது. முழுப் பட்டியலையும் சலிக்கும் மெதுவான வழி, அம்மாவின் கையை ஒருபோதும் மறந்திருக்காது.

இன்னொன்றும் நான் கோட்டை விட்டேன். மூன்றும் கவருக்குள் என்பது உண்மையானால், கேட்ட அம்மாவுக்குத்தான் அது முதலில் தெரியும். அவர் குற்றம் சாட்டாமல் எழுந்து போனதே ஒரு தகவல். அதைப் புரோகிராமுக்குச் சொல்லித்தர முடியும். ஆனால் அதற்கு, அம்மா கவனமாக ஆடுகிறார் என்று நான் முதலில் நம்ப வேண்டும்.

சொந்தச் சீட்டைக் கேள்விக்குள் வைத்து ஆடுவது க்ளூடோவின் முக்கியமான உத்தி. உங்களிடம் உள்ள இரண்டு சீட்டோடு தெரியாத ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள். யாரும் காட்டாவிட்டால் அந்த ஒன்று கவருக்குள். யாராவது காட்டினால் அது அவரிடம். இரண்டில் எதுவானாலும் உங்களுக்குச் சந்தேகமில்லாத பதில், மற்றவர்களுக்கோ குழப்பம். அம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

ஆள் இல்லாதபோது

தனியாக ஆட நினைப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்புகள் உண்டு. 1998-ல் ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ் வெளியிட்ட சிடி பதிப்பில் கம்ப்யூட்டர் எதிராளிகள் நன்றாகவே யோசிப்பார்கள். ஆனால் அது விண்டோஸ் 95 காலத்துச் சாஃப்ட்வேர், இன்றைய கம்ப்யூட்டரில் ஓட வைப்பது தனித் துப்பறியும் வேலை. மொபைலில் மார்மலேட் கேம் ஸ்டூடியோவின் பதிப்பு இருக்கிறது. குறிப்பு எடுக்கும் வேலையில் பாதியை அதுவே பார்த்துக்கொள்வதால், பழகிப் பார்க்க நல்லது. பழகிய பிறகு கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

அதைவிட ஒரு நல்ல வேலை, வீட்டிலேயே தமிழில் ஒரு பெட்டி தயாரிப்பது. குடும்பத்துக்குள் ஆடிக்கொள்ளத்தான்; பெயரும் படமும் கம்பெனிக்குச் சொந்தம், விற்கக் கூடாது. கோடியக்கரைக்காரன் என்றால் பொன்னியின் செல்வன் வைத்துத்தானே செய்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கல்கியின் அந்த நாவலில் எங்கள் ஊர் வருகிறது, ஆதித்த கரிகாலன் கொலையும் வருகிறது, உண்மைதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கொலைத் துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களைச் சொல்கிறது. ஆயுதத்தையும் அறையையும் சொல்லவில்லை. கவரில் ஒரு வகைச் சீட்டு மட்டும் கிடைத்த மாதிரி. அதனால் அந்த ஆட்டத்தை அறிஞர்கள் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். தவிர, அம்மாவுக்குக் கொலை பிடிக்காது.

எங்கள் பதிப்பில் கல்யாண வீட்டு அதிரசத் தூக்கு திருட்டுப் போய்விடுகிறது. யார் எடுத்தது, எதில் மறைத்துக் கொண்டுபோனார், எங்கே ஒளித்தார்? ஆட்கள்: உப்பள மேஸ்திரி, வலைக்காரர், ஐஸ் வண்டிக்காரர், பறவை பார்க்க வந்த புரபசர், தபால்காரர், மாப்பிள்ளையின் அத்தை. மறைக்கும் பொருள்: சாக்கு, குடம், மீன் கூடை, ஐஸ் பெட்டி, பனையோலைப் பெட்டி, ஸ்கூட்டர் டிக்கி. இடங்கள்: கலங்கரை விளக்கம், குழகர் கோயில், ராமர் பாதம், முனியப்பன் ஏரி, உப்பளம், கடற்கரை, பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம்.

செய்முறை இதுதான். வேர்டில் ஏ4 பக்கத்தைத் திறந்து மூன்றுக்கு மூன்று டேபிள் போடவும். ஒவ்வொரு கட்டமும் 6.3 செ.மீ. அகலம், 8.8 செ.மீ. உயரம். பக்கத்துக்கு ஒன்பது சீட்டு, மூன்று பக்கம் போதும். மிச்சம் வரும் ஆறு கட்டத்தில் விதிகளை டைப் செய்திடலாம். எழுத்துக்கு நிர்மலா யுஐ மாதிரி யூனிகோட் ஃபான்ட்டைப் பயன்படுத்தவும். அப்போதுதான் பிரிண்ட் கடையில் ஃபைலைத் திறந்தால் எழுத்து கட்டம் கட்டமாக மாறாது. தடித்த அட்டையில் பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மை தீற்றியிருந்தாலும் ஆட்டம் கெட்டது.

கவரையும் கவனிக்க வேண்டும். நான் முதலில் சாதாரண வெள்ளைத் தபால் கவரையே வைத்திருந்தேன். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே எழுத்து தெரிகிறது என்று தங்கைதான் சொன்னாள். எத்தனை ஆட்டம் ஆடிய பிறகு சொன்னாள் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.